இந்திராதேவி அக்காவின் சோறில்லாத புரட்டாசி

செலண்டாரைச் சுற்றியுள்ள மூன்று எஸ்டேட் தோட்டங்களிலும் இரண்டு தாமான் குடியிருப்புகளிலும் காலை ஆறு மணிக்கு ஹாரன் கேட்டால் அது இந்திராதேவி அக்காவின் வேன்தான். இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி. பதினேழு வருடமாக அதே சத்தம். அதில் ஒன்பது வருடமாக நான் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். அக்கா சாலையைப் பார்ப்பார், நான் பிள்ளைகளைப் பார்ப்பேன். வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போது அக்காவைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அக்கா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மா ரப்பர் பால்மரம் வெட்டியவர். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் எண்ணெய்ச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். பள்ளிக்கு வந்துகொண்டிருந்த தோட்டத்து லாரி ஒருநாள் நின்றுபோனது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், நான்கு பேராக ஒட்டிக்கொண்டு போனார்கள். மகள் மலர்விழி ஒரு மழை நாளில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்த அன்றைக்கு, தானே வேன் ஓட்டுவதாக அக்கா முடிவு செய்தார். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை பாஸானால் உயிருள்ளவரை புரட்டாசி மாதம் முழுக்க மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டார். பாஸானார். அன்றிலிருந்து அந்த வாக்கு தவறியதில்லை.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நீல பிஸ்கட் டின் இருக்கும். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அக்காவுக்கு ஒரு மிட்டாய் கட்டாயம். இருபத்துமூன்று பிள்ளைகள். டின் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் அக்கா ஓட்டிக்கொண்டே ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

போன வருடம் ஆகஸ்டில் அது நின்றது.

பள்ளி வேன் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டரின் கையெழுத்து வேண்டும். வழக்கமாக அக்கா பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வந்து உட்கார்ந்து, வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“என்னாக்கா?”

“மூணு மாச சுகரு பத்துக்கு மேல போயிருச்சாம் மீனா. கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டாரு. அக்டோபர் கடைசியில வா, எட்டுக்குக் கீழ இருந்தா போடுறேன், இல்லன்னா வேன விட்டுடுங்கறாரு.”

“லைசென் எப்ப முடியுது?”

“தீபாவளியோட.”

வேன் இல்லாத இந்திராதேவி அக்காவை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், நாங்கள் மிஸ்ஸி என்போம். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று உட்கார வைத்து விளக்கினார். சோறு, ரொட்டி, மீ நூடுல்ஸ், கிழங்கு, சீனி, எல்லாம் ஒரே கூட்டம் என்றார். காலையில் விழுங்கும் மாத்திரை ஒன்றைக் காட்டி, “இத போட்டுட்டு வெறும் வயித்துல இருக்கவே கூடாது” என்று இரண்டு முறை சொன்னார். அக்கா தலையாட்டினார். இரண்டாவது முறை சொன்னதை அவர் சரியாகக் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அவர் கண் சுவரில் ஒட்டியிருந்த சோற்றுத் தட்டுப் படத்தில் இருந்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தினமும் காளிதாஸ் அண்ணன் கடையில்தான் பசியாறுவோம். அக்காவைப் பார்த்ததும் அவர் ரொட்டி சானாய் மாவை வீச ஆரம்பித்துவிடுவார். கேட்கவே மாட்டார்.

“அண்ணே, மாவ கீழ வைங்க. எனக்கு ரெண்டு முட்ட, தே கொசோங்.”

“என்னாக்கா, ரொட்டிய டைவர்ஸ் பண்ணிட்டீங்களா?”

“ஆமா, பதினேழு வருசம் போதும்லா.”

“சரி, மீஹூன் வைக்கட்டா? அதுல சோறு இல்லதானே?”

“அரிசிய அரைச்சி நூலா இழுத்தா அரிசி இல்லன்னு ஆயிருமா? யாருகிட்ட?”

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சீனியில்லாத தேநீரை முதல் வாய் குடித்தபோது மட்டும் அவர் முகம் வேப்பங்கொழுந்தைக் கடித்தது போல ஆனது. அதை யாரும் பார்க்காதபடி வெளியே திரும்பிக்கொண்டார்.

முதல் பத்து நாள் கொடுமை. தலைவலி. மாலை நான்கு மணிக்கு மேல் கோபம். பின் சீட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்ததற்கு ஒருநாள், “வாய மூடுறீங்களா, எறக்கி விட்டுறட்டா?” என்று கத்திவிட்டார். வேன் அமைதியானது. மூன்று வீடு தாண்டியதும் அவரே, “ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க, ஆண்ட்டிக்கு வயித்துல ஒன்னும் இல்ல, அதான்” என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் மிஸ்ஸி. அக்கா ரசத்தைச் சூடாகப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து வழியெல்லாம் குடித்தார். வேனே மிளகு வாசம் அடித்தது.

வீட்டில்தான் கஷ்டம் அதிகம். வீட்டுக்காரர் சிவசாமி அண்ணன் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். இரண்டு வேளையும் சோறு இருந்தாக வேண்டும். அக்காதான் வடிக்க வேண்டும்.

“ஆவி மூஞ்சில அடிக்கறப்ப அழுகையே வருது மீனா” என்றார் என்னிடம். “அவரு என்னா சொல்றாரு தெரியுமா? சோறு திங்காத தமிழச்சிய நான் இப்பத்தான் பாக்கறேங்கறாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“நல்லா பாத்துக்கோங்க, டிக்கெட்டு இல்லாம காட்டுறேன்னேன்.”

முட்டைக்கோஸைச் சோற்றுப் பருக்கை அளவுக்குப் பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து வதக்கி, அதன்மேல் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். கடலோரத்துக் கோலா சுங்கை பாருப் பக்கமிருந்து வாரம் ஒருமுறை வரும் மீன்காரரிடம் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினார். கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய், நெத்திலிச் சம்பல், கோழி, முட்டை. பிள்ளைகள் மிட்டாய் கொடுத்தால் வாங்கி, “ஆண்ட்டி அப்பறம் சாப்டுறேன்” என்று டின்னில் போட்டுவிடுவார். வேண்டாம் என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை.

தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து எனக்கு அன்றைய சுகர் எண்ணைச் சொல்வார். ஏழுக்குள் வர வேண்டும். பன்னிரண்டு. பத்தரை. ஒன்பது. செப்டம்பர் நடுவில் ஏழு புள்ளி ஒன்று. அன்றைக்கு இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடியோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வாசலிலும் கூடுதலாக ஓர் அடி அடித்தார். இடுப்பில் சட்டை தொளதொளத்தது.

புரட்டாசி பிறந்தது.

மீன் இல்லை, கோழி இல்லை, முட்டையும் இல்லை. அவரைத் தாங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. இந்த ஒரு வருடம் மட்டும் வேண்டுதலை விட்டுவிடலாமே என்று மலர்விழி போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பெருமாள்கிட்ட கேட்டு வாங்குன லைசென்ன காப்பாத்த அவருக்கே டிமிக்கி குடுக்கச் சொல்றியா? வேற வழி பாக்கறேன் போ.”

அவர் பார்த்த வழி, புரட்டாசியில் நாங்கள் எல்லோரும் போகும் வழிதான். சீனர் சைவக் கடையின் குளிர்பெட்டியில் சைவக் கோழி, சைவ ஆடு, சைவ மீன், சைவ இறால் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்கவும் கடிக்கவும் அசல் மாதிரியே இருக்கும். அந்த மாதத்தில் எங்கள் வீடுகளில் அதைத்தான் பிரட்டுவோம். அக்கா நாலு பாக்கெட் வாங்கினார். சோற்றைத் தொடவில்லை. முட்டைக்கோஸும் சைவக் கோழிப் பிரட்டலும். வயிறு நிறைந்தது. சந்தோஷமாக இருந்தார்.

எண் ஏறத் தொடங்கியது. எட்டு. ஒன்பது புள்ளி எட்டு. பத்து.

அக்காவுக்குப் புரியவில்லை. சோறு இல்லை, சீனி இல்லை, ரொட்டி இல்லை. எது ஏற்றுகிறது? புரட்டாசி சனிக்கிழமைகளில் கோயிலில் கொடுக்கும் புளியோதரையில் ஒரு கிள்ளு எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் கிள்ளுச் சோற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை பிரசாத வரிசையில் நிற்காமல் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே வெளியே வந்துவிட்டார். பதினேழு வருடத்தில் முதல் தடவை.

அப்போதும் எண் இறங்கவில்லை. பயம் வந்துவிட்டது. பயத்தில் பசியாறுவதையே நிறுத்தினார். கடையில் பசியாறும்போது போடும் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு, இரவும் அரைவயிறாகப் படுத்து, காலையில் வெறும் ரசத்தோடு வண்டியை எடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. காளிதாஸ் அண்ணன் கடையில் எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, “நான் வீட்லயே சாப்ட்டேன்” என்றார். இரண்டு நாள் நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்கால் இருக்கும். இரண்டு பக்கமும் செம்பனை. வேனில் அதுவரை ஏறிய பதினான்கு பிள்ளைகள். வண்டி மெதுவாவது தெரிந்தது. சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை நிறுத்தினார். சாவியைப் பிடுங்கிப் பின்னால் நீட்டினார்.

“மீனா, இத நீ வச்சிக்க. எனக்குக் கை நடுங்குது.”

முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. நான் எழுந்து ஓடிப்போய் நீல டின்னைத் திறந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கவித்ரா, மூன்றாம் வகுப்புப் பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுக்காதீங்க ஆண்ட்டி! அவங்க டயட்ல இருக்காங்க!”

“இப்ப குடுக்கணும்டா கண்ணு, விடு.”

நான்கு மிட்டாய் மென்றபின் விரலைக் குத்திப் பார்த்தோம். மூன்று புள்ளி இரண்டு. நான்குக்குக் கீழே போகவே கூடாது. கால் மணி நேரம் கழித்து ஐந்தரை வந்தது. நடுக்கம் நின்றுவிட்டது. நான் சாவியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“இன்னிக்கி நான் ஓட்டமாட்டேன். மணியத்துக்கு போன் போடு.”

மணியம் இன்னொரு பள்ளி வேன் ஓட்டுபவர். தன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து எங்கள் வேனை எடுத்தார். பிள்ளைகள் நாற்பது நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குள் போனார்கள். நடந்தது எங்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் மணியத்துக்கும்தான் தெரியும். வண்டி கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மணியமே, “டயர் பஞ்சர்னு போட்டு விட்ருங்கக்கா” என்றார்.

அக்கா போனை எடுத்துப் பெற்றோர் குழுவுக்குக் குரலிலேயே பேசி அனுப்பினார். “வணக்கம், இந்திராதேவி பேசறேன். இன்னிக்கி வேன் லேட்டு. எனக்கு சுகரு எறங்கி கை நடுங்குச்சி. ஓரம் கட்டிட்டேன். பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க. மாத்திரைய போட்டுட்டு சாப்டாம வந்தது என் தப்பு. கிளினிக்ல சரின்னு சொல்ற வரைக்கும் மணியம்தான் ஓட்டுவாரு.”

நிறையப் பேர், உடம்பைப் பாருங்கக்கா என்று அனுப்பினார்கள். கவித்ராவின் அப்பா தினேஸ்வரன் போன் செய்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கி நானே மோட்டார்ல கொண்டு போறேன்.”

“சரிப்பா. ஒன் எடத்துல இருந்தா நானும் அதான் செய்வேன்.”

போனை வைத்துவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். மோட்டார் என்ற சொல் அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் மிஸ்ஸி விடவில்லை. மாத்திரையைப் பற்றி முதலில் ஒரு பாட்டம் திட்டினார். அங்கிருந்த டாக்டரிடம் காட்டி அந்த மாத்திரையை மாற்றி வாங்கிக் கொடுத்தார். பிறகு, “நேத்து என்னா சாப்டீங்க, முந்தாநேத்து என்னா?” என்று நோண்டினார்.

“கறிதான் மிஸ்ஸி. சைவக் கறி.”

“எதுல செஞ்சது?”

“சோயாவுல…”

“பாக்கெட்டு பின்னாடி படிச்சீங்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பாக்கெட்டின் பின்பக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லாத இடம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்தார். அன்று வந்திருந்த மலர்விழி படிக்கக் கை நீட்டினாள். “இரு, மொதல்ல நானே பாக்கறேன்” என்று ஒரு துண்டு சைவ மீனைப் பிய்த்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டுச் சுடுநீர் ஊற்றினார். காத்திருந்தோம். கரண்டியால் கிளறிவிட்டுத் தூக்கினார். வெள்ளையாக, பசை போலக் கொழகொழவென்று தொங்கியது.

“அடப்பாவி! இத வச்சி புக்குக்கு அட்ட போடலாம் போலருக்கே!”

மலர்விழி பாக்கெட்டைத் திருப்பி விரலை ஓட்டினாள். “கோதும மாவு. அப்பறம் மரவள்ளி மாவு. அப்பறம் சீனி. சோயா கடைசிலதான் வருதும்மா.”

வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த சிவசாமி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். “அப்ப ரெண்டு வாரமா கோழிக்கறின்னு பரோட்டாவையா தின்னுட்டு இருந்தே?”

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், “மீஹூனுக்கு அந்தப் பேச்சு பேசுனேன். இதுகிட்ட ஏமாந்துட்டேன் பாரேன்” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப அந்தக் கிள்ளுப் பிரசாதம் ஒன்னும் பண்ணல” என்றார். அந்த வாரம் சனிக்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

சைவக் கறி பாக்கெட்டுகள் சிவசாமி அண்ணன் வயிற்றுக்குப் போயின. அக்கா பாசார் சந்தையில் தௌஹூ என்ற சோயாக் கட்டியும் தெம்பே என்ற புளித்த சோயாவும் வாங்கிவந்து, மஞ்சள் தடவிப் பொரித்து மிளகாய்ச் சம்பலில் பிரட்டினார். வறுத்த நிலக்கடலை, பன்னீர், தேங்காய் போட்ட கீரை. மலர்விழி அனுப்பிய படங்களைப் பார்த்து, எந்தப் பாக்கெட்டிலும் ‘மாவு’ என்பதற்கான மலாய்ச் சொல்லை நாங்களே தேடப் பழகினோம். வீட்டிலேயே ஏதாவது சாப்பிடாமல் ஒரு நாளும் வண்டியில் ஏறவில்லை. ஏறினால் நான் சாவியைக் கொடுப்பதில்லை என்று பேச்சு. அது அவரே வைத்த பேச்சு.

ஐந்தாம் நாளே கிளினிக்கில் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காலை எண் ஏழுக்கு வந்தது. ஆறரைக்கு வந்தது. காளிதாஸ் அண்ணன் கடையில் தெம்பே சம்பலும் முட்டைக்கோஸும் ஒரு தட்டில் வைப்பதைப் பார்த்து லாரிக்காரர்கள், “அந்த வேன்கார அம்மா செட்டு எனக்கும் ஒன்னு” என்று கேட்க ஆரம்பித்தார்கள். புரட்டாசி முடிந்ததும் அதன்மேல் இரண்டு முட்டை ஏறியது.

எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது. ஆனால் தினேஸ்வரன் வீட்டு வாசலில் மட்டும் ஹாரன் அடிக்காமல் தாண்டினோம். அந்த இடத்தில் அக்கா எப்போதும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார். நிற்கமாட்டார்.

அக்டோபர் கடைசி வாரம் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடும் டாக்டரிடம் போனோம். இந்த முறை என்னையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். டாக்டர் மூன்று மாத சுகர் தாளைப் பார்த்தார். ஏழு புள்ளி நான்கு. “ரொம்ப நல்லது அம்மா” என்று பேனாவைத் திறந்தார்.

“டாக்டர், போடறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்.”

பேனா கையெழுத்துக் கோட்டுக்கு மேலேயே நின்றது. அக்கா செம்பனைச் சாலையில் நடந்தது அத்தனையும் சொன்னார். சுகர் எண்ணையும் சொன்னார், தேதியையும் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். சுகர் மெஷினைக் கேட்டு வாங்கி, அதில் பதிந்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளினிக் சீட்டைப் படித்தார். மாத்திரையின் பேரைக் கேட்டார். என்னைப் பார்த்து, “அதுக்குப் பிறகு நடுங்கினதா?” என்றார். அந்நியர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. “இல்ல டாக்டர். நான் தினமும் பாக்கறேன்.”

அவர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “சொல்லாம இருந்தா என்னாக்கா? கையெழுத்துதான் போட வந்துட்டாரே!”

“இருபத்துமூணு பிள்ளைங்க மீனா. திருட்டுக் கையெழுத்துல நான் எப்படி ஓட்டுறது?”

டாக்டரிடம் நடந்ததை மணியத்திடம் நான்தான் போனில் சொன்னேன். குழுவில் அன்று இரவு அக்கா எழுதியது ஒரே வரிதான்: நாளைக்கு வழக்கம்போல வேன் வரும்.

மறுநாள் காலை தினேஸ்வரன் வீடு வருமுன் அக்கா வேகத்தைக் குறைத்தார். வாசல் விளக்கு எரிந்தது. மோட்டார் கொட்டகைக்குள்ளேயே நின்றது. தினேஸ்வரன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார், பக்கத்தில் கவித்ரா.

“அக்கா, டாக்டர்கிட்ட நீங்களே சொன்னீங்களாமே. மணியண்ணன் சொன்னாரு. நான் வந்து…”

“தம்பி, லேட்டாவுது. ஏறு கண்ணு.”

கவித்ரா ஏறினாள். உட்காருமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீல டின்னுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

“பர்த்டேயா?” என்றார் அக்கா.

“இல்ல. கை நடுங்குனா சாப்டுறதுக்கு. சும்மா சாப்டாதீங்க.”

“சரிங்க டீச்சர்.”

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். ஏறிவிட்ட பிள்ளைக்கு ஹாரன் தேவையில்லை. இருந்தாலும் அக்கா அந்த வாசலில் அடித்தார். இரண்டு சின்ன அடி, ஒரு நீள அடி.